சூட்டில் இழுத்த ஹேண்ட் பிரேக்

போன ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல்லில், ஸ்டியரிங்கில் ஆளே இல்லாமல் எங்கள் கார் சரிவில் தானாக நகர்ந்தது. பின் சீட்டில் என் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். ஹேண்ட் பிரேக்கை நான் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன், மறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு அங்கே கூடின எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் ரோடு காட்டுக்குள் நுழைந்து வளைந்து வளைந்து இறங்க ஆரம்பிக்கும். ஆடி 18 என்றால் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். முன்னால் ஒரு அரசு பஸ், அதற்கு முன்னால் நாலைந்து டூரிஸ்ட் வேன், எல்லாம் ஊர்ந்துதான் போயின. வண்டியில் ஐந்து பேர், டிக்கியில் சாப்பாட்டுத் தூக்கு, பாய், மாற்றுத்துணி என்று நிறையச் சுமை. கியரைக் குறைத்து எஞ்சின் பிடிப்பில் இறங்கியிருக்க வேண்டும். நான் மூன்றாவதிலேயே விட்டுவிட்டு பிரேக் பெடல் மேலேயே காலை வைத்து இறக்கினேன். கீழே வந்து சேர்ந்தபோது சக்கரத்துப் பக்கமிருந்து கருகின வாடை வந்தது. மலை இறங்கினால் இப்படித்தான் வரும் என்று விட்டுவிட்டேன்.

வண்டி நிறுத்தும் இடமெல்லாம் நிறைந்துபோய், ஒரு சரிவான ஓரத்தில் கை காட்டினார்கள். முன்பக்கம் கீழ்நோக்கி நிற்கிற மாதிரி. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்தேன், பெடலிலிருந்து காலை எடுத்துப் பார்த்தேன், வண்டி அசையவில்லை. கியரை நியூட்ரலில் விட்டு இறங்கினேன். அத்தைக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது, "நான் கொஞ்ச நேரம் படுத்துக்கறேன் மாப்பிள்ளை, நீங்க போய் வாங்க" என்றார். கண்ணாடிகளை இறக்கிவிட்டு நாங்கள் ஆற்றுப் பக்கம் போனோம்.

இருபது இருபத்தைந்து நிமிடம் இருக்கும். தண்ணீர் கேன் எடுக்க நான் மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மீன் வறுக்கிற கடையில் இருந்த அம்மா "ஐயோ வண்டி போவுது, வண்டி போவுது" என்று கத்தின பிறகுதான் பார்த்தேன். மெதுவாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர், அதை அப்படியே கீழே போட்டுவிட்டு, ஓரத்தில் கிடந்த கல் ஒன்றை முன் சக்கரத்துக்கு உருட்டிவிட்டார். வண்டி ஏறிப் பார்த்து, முடியாமல் நின்றது. மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு அடி நகர்ந்திருக்கும். அதற்குக் கீழே இன்னொரு இருபது அடியில் ஒரு குடும்பம் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, நாலு சின்னப் பிள்ளைகள். அந்தப் பரிசல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பேச்சு வரவில்லை.

ஓடிப்போய் உள்ளே பார்த்தால் லிவர் நான் இழுத்துவிட்ட அதே இடத்தில் நிற்கிறது. யாரும் தொடவில்லை. அதைப் பிடித்து மறுபடி இழுத்தேன், சிரமமே இல்லாமல் இன்னும் இரண்டு கிளிக் மேலே வந்தது. வண்டி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கேபிள் அறுந்துவிட்டது என்றார் ஒருவர், குழந்தைகள் யாராவது இறக்கிவிட்டிருப்பார்கள் என்றார் இன்னொருவர். கேபிள் அறுந்திருந்தால் மறுபடி பிடித்திருக்காதே. அந்த இரண்டு கிளிக் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

இதற்கு முன் ஒன்பது வருடம் ஆல்டோ வைத்திருந்தேன். இதே மலை, இதே கூட்டம், இதே மாதிரி சரிவு. நியூட்ரலில் விட்டு ஹேண்ட் பிரேக் போட்டு எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறேன், ஒரு அங்குலம் நகர்ந்தது கிடையாது. இந்த செடான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, நாலு சக்கரத்திலும் டிஸ்க். நாலும் டிஸ்க் என்றால் பிரேக் நன்றாக இருக்கும் என்று சந்தோஷமாக வாங்கினேன். ஓடும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நிறுத்தி வைக்கும்போது அது வேறு வண்டி என்பது எனக்குத் தெரியாது.

தருமபுரியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், முப்பது வருடமாகக் கடை வைத்திருப்பவர். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "இறங்கறப்ப வாடை வந்துச்சா?" வந்தது என்றேன். "அப்ப சூட்டுல இழுத்திருக்கீங்க தம்பி. ஆறினதும் விட்டிருச்சு" என்றார். பிறகு பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

டிரம் பிரேக்கில் லைனிங் உள்ளே இருந்து வெளியே விரிந்து டிரம்மின் உள்சுவரைப் பிடிக்கிறது. சூடானால் டிரம் விட்டத்தில் பெருக்கும், ஆறினால் சுருங்கும். சூட்டோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால், ஆற ஆற டிரம் சுருங்கி லைனிங்கை இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும். டிஸ்க்கில் நேர் எதிர். பேட் என்கிற இரண்டு உராய்வுக் கட்டைகள் வெளியே இருந்து உள்ளே நெருக்கி நடுவிலிருக்கும் தட்டைப் பிடிக்கின்றன. சூட்டில் தட்டும் பேடும் கொஞ்சம் தடித்திருக்கும், ஆறினால் மெலியும். மெலிகிற அளவு தலைமுடி தடிமன்கூட இருக்காது. பின் டிஸ்க்கே பத்து மில்லிமீட்டர் வாக்கில்தான் தடிமன். ஆனால் பேட் தட்டைக் கெட்டியாக நெருக்குகிற இடத்தில் அந்த அளவே பிடிமானத்தில் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும். இதோடு இன்னொன்று: டிரம்மில் சக்கரம் உருளப் பார்த்தால் லைனிங்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் இன்னும் அழுத்தமாகச் சுவரில் ஒட்டவைக்கும், தானே தன்னை இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. நெருக்கின அளவுதான் பிடிமானம், அவ்வளவுதான். ஒன்பது வருடம் என்னைக் காப்பாற்றியது என் பழக்கம் இல்லை, ஆல்டோவின் பின் சக்கரத்தில் இருந்த டிரம்.

அப்படியானால் டிஸ்க் வண்டியெல்லாம் உருள வேண்டுமே என்று கேட்டேன். அங்கேதான் அவர் பேடைத் தட்டில் நெருக்குகிற பாகமான காலிப்பரைக் காட்டினார்.

என் வண்டியில் ஹேண்ட் பிரேக்குக்குத் தனியாக எதுவும் இல்லை. ஓடும்போது பிடிக்கிற அதே காலிப்பர், அதே பிஸ்டன், அதே பேட்தான். காலை வைத்தால் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடை நெருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கேபிள் போய் காலிப்பரின் முதுகில் இருக்கிற ஒரு சின்ன லிவரைத் திருப்பும், அந்தத் திருப்பல் உள்ளே தள்ளலாக மாறி, பிஸ்டனுக்குள் இருக்கிற ஒரு மரை வழியாக அதே பிஸ்டனை நெருக்கும். பேட் தேயத் தேய அந்த மரை தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நீண்டுகொண்டே வர வேண்டும், அப்போதுதான் கையால் இழுக்கும்போது எப்போதும் ஒரே உயரத்தில் பிடிக்கும். அந்தத் தானியங்கி வேலை நடப்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்கும்போது காலிப்பரில் இருக்கிற அந்தச் சின்ன லிவர் முழுசாகப் பின்னால் வந்து, தன் நிறுத்தத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

என் வண்டியில் அது முட்டவில்லை. இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடைவெளி. "யாரோ மேலே கேபிளை முறுக்கி வச்சிருக்காங்க" என்றார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் முன்னால் வேறொரு கடையில் பின் பேட் மாற்றினேன். ஹேண்ட் பிரேக் ரொம்ப மேலே வருகிறது என்று சொன்னதற்கு, உள்ளே கைக்குப் பக்கத்தில் இருக்கிற நட்டை முறுக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேபிள் எப்போதும் விறைப்பாக நின்றதால் லிவர் பின்னால் வரவே இல்லை, மரை திரும்பவே இல்லை. பேட் தேய்ந்துகொண்டே போக, லிவர் தன் ஓட்டத்தில் பெரும்பகுதியைச் செலவழித்துத்தான் பேடை எட்டிப் பிடித்திருக்கிறது.

இதில் என்ன ஆபத்து என்றால், சரியாக இருக்கிற வண்டியில் இழுத்த கேபிள் கொஞ்சம் நீண்டு வில் மாதிரி விறைத்து நிற்கும். டிஸ்க் ஆறி மெலிந்தால் அந்த விறைப்பு லிவரை இன்னும் ஒரு நூலளவு இழுத்து, குறைந்ததை ஈடுகட்டிவிடும். அதனால்தான் எல்லா டிஸ்க் வண்டியும் உருளுவதில்லை. என் வண்டியில் காலிப்பர் லிவர் ஏற்கெனவே போகக்கூடிய தூரத்தின் கடைசிக்குக் கிட்டத்தட்ட போயிருந்தது. தானாக ஈடுகட்டுகிற அளவுக்கு மிச்சம் இல்லை, கையால் மறுபடி இழுத்தபோதுதான் அந்த இரண்டு கிளிக் வந்தது.

அதே கடையில் இன்னொரு தப்பும் நடந்திருந்தது. இது பேட் மாற்றுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. முன் காலிப்பரில் புது பேட் போடும்போது பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து நெருக்கி உள்ளே தள்ளிவிடலாம். இந்த மாதிரி பின் காலிப்பரில் அப்படித் தள்ளக் கூடாது. உள்ளே மரை இருக்கிறது, அழுத்திக்கொண்டே திருகித்தான் உள்ளே இறக்க வேண்டும், அதற்கென்றே டூல் வருகிறது. பெரும்பாலும் வலச்சுழியாகத் திருக வேண்டும், சில வண்டிகளில் ஒரு பக்கத்துக்கு மட்டும் இடச்சுழி. வெறும் கிளாம்பில் நெரித்தால் உள்ளிருக்கிற மரையும் ஸ்பிரிங்கும் கெட்டுப்போகும். என் வண்டியில் இடது காலிப்பருக்கு அதுதான் ஆகியிருந்தது. பிஸ்டன் முகத்தில் ஒரு வெட்டு இருக்கும், பேடின் முதுகில் ஒரு சின்ன முளை இருக்கும். முளை வெட்டுக்குள் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் பேடோடு பிடிப்பு இல்லாமல் சுற்றும், அட்ஜஸ்ட் ஆகாது, பேடும் கோணலாகத் தேயும்.

இடது காலிப்பரையும் இரண்டு கேபிளையும் மாற்றினார். மாற்றின பிறகு அவர் செய்த வரிசையை நான் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். முதலில் மேலே நட்டை முழுசாகத் தளர்த்திவிட்டார். எஞ்சினை ஓடவிட்டு பெடலை முப்பது நாற்பது முறை நிதானமாக அழுத்தி விடச் சொன்னார், அதில்தான் மரை திரும்பி பேட் டிஸ்க்கை ஒட்டி வரும். அப்புறம் இரண்டு லிவரும் நிறுத்தத்தில் முட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் நட்டைத் தொட்டார், கேபிளின் தொய்வு போகிற அளவுக்கு மட்டும், லிவர் நிறுத்தத்தை விட்டு விலகாமல். இப்போது ஆறு கிளிக்கில் பிடிக்கிறது. உங்கள் வண்டிக்கு எத்தனை என்பது கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். ஹேண்ட் பிரேக் மேலே வருகிறது என்றால் நேராக நட்டுக்குப் போகிற கடையில் வண்டியை விடாதீர்கள். "அண்ணா, முதல்ல காலிப்பர் லிவர் முட்டுதான்னு பாருங்க" என்று நாமே சொல்லிவிடலாம், அதில் தப்பில்லை.

ஒரு ஹேண்ட் பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஐ.நா.வின் ஆர்13-எச் என்கிற வாகன விதியில், முழுச் சுமையோடு கார் 20 சதவீதச் சரிவில், ஏற்றத்திலும் இறக்கத்திலும், அசையாமல் நிற்க வேண்டும் என்று இருக்கிறது. நூறு அடி நீளத்துக்கு இருபது அடி ஏறுகிற சரிவு, சாதாரணமாக நாம் நிறுத்துகிற எந்த இடத்தையும்விடச் செங்குத்து. அதற்குக் கையால் இழுக்க வேண்டிய விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் நாற்பது கிலோ. என் வண்டி நின்ற சரிவு அதில் பாதிகூட இருக்காது. அதனால் டிஸ்க் வண்டி என்றாலே இப்படித்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியாக இருந்தால் நிற்கும்.

எல்லா டிஸ்க் வண்டியும் என் வண்டி மாதிரியும் கிடையாது. கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற என் மச்சான் வண்டியில் பின்னால் டிஸ்க்தான், ஆனால் டிஸ்க்கின் நடுவில் தொப்பி மாதிரி உயர்ந்திருக்கிற பகுதிக்குள் ஒரு குட்டி டிரம் இருக்கிறது. ஓடும்போது டிஸ்க் பிடிக்கும், நிறுத்தும்போது உள்ளே குட்டி லைனிங் பிடிக்கும். டிரம் என்பதால் ஆறினால் தளராது. அதற்கு வேறு தொந்தரவு. அந்த லைனிங் ஓட்டத்தில் தேய்வதே இல்லை, அதனால் யாரும் திறந்தே பார்ப்பதில்லை. அவர் மழைக்காலத்தில் மூன்று வாரம் தோப்பில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திவிட்டுப் போனார், திரும்பி வந்து எடுத்தால் துரு பிடித்து லைனிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. சக்கரம் சுற்றவில்லை. பல நாள் நிறுத்துவதாக இருந்தால் சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுவது நல்லது. இந்த வகையில் லைனிங்கை அட்ஜஸ்ட் செய்ய டிஸ்க் முகத்தில் ஒரு துளை இருக்கும், அதற்குள் ஸ்குரூடிரைவர் விட்டு பல் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். பல வண்டிகளில் அது தானாக அட்ஜஸ்ட் ஆகாது.

புது வண்டிகளில் லிவரே இல்லை, பட்டன்தான். ஓசூரில் வேலை பார்க்கிற நண்பன் ஒருவன் வைத்திருக்கிறான். அதில் பெரும்பாலும் காலிப்பரிலேயே ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்து பிஸ்டனைத் திருகி நெருக்கும். இதில் வில் மாதிரி விறைக்கக் கேபிள் இல்லை, அதனால் ஆறினால் தளர்கிற பிரச்சினை இங்கே இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும். அதைத் தெரிந்தே பல வண்டிகளில், டிஸ்க் எவ்வளவு சூடாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, நிறுத்தின சில நிமிடம் கழித்து மோட்டார் மறுபடி ஒருமுறை இறுக்கிக்கொள்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். இறங்கிப் போன பிறகு பின்பக்கம் "ஞீ" என்று ஒரு சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், அது இதுதான். நான் கையால் இழுத்த அந்த இரண்டு கிளிக்கை அந்த வண்டி தானே இழுத்துக்கொள்கிறது. இந்த வகைக்கு பேட் மாற்ற வேண்டுமானால் ஸ்கேனர் மாட்டி மோட்டாரைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனைத் தள்ளவே கூடாது. பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் பட்டனுக்குப் பிரேக்கை விடவும் தெம்பு இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். சிக்னலில் பிடித்து நிற்கிற ஆட்டோ ஹோல்டு வேறு, அது ஆயில் அழுத்தத்தில் நிற்பது, அதை நம்பி வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

என் நிறுத்துகிற முறை இப்போது மொத்தமாக மாறிவிட்டது. கால் பிரேக்கில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெதுவாக எடுத்து வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்காருவதைப் பார்த்த பிறகு கியர் போடுகிறேன். மூக்கு ஏற்றத்தைப் பார்த்தால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். என் வண்டியில் எஞ்சின் இழுப்பது முன் சக்கரம், ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரம், அதனால் கியரும் போட்டால் நாலு சக்கரமும் பிடிக்கும். கியரில் நிறுத்தினால் எஞ்சினுக்குக் கெடுதல் என்று எங்கள் அப்பா சொல்வார், நானும் நம்பினேன். கெடுதல் ஒன்றும் இல்லை. எடுக்கும்போது கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்தால் போதும். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் ஹேண்ட் பிரேக்கைப் போட்ட பிறகு "பி"க்குக் கொண்டுபோங்கள். முதலிலேயே "பி" போட்டால் முழு பாரமும் கியர்பாக்ஸுக்குள் இருக்கிற ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும்.

சரிவு என்றால் ஸ்டியரிங்கை ஓரத்துப் பக்கம் ஒடித்து வைக்கிறேன், நகர்ந்தாலும் மேட்டில் முட்டட்டும். டிக்கியில் ஒரு மரக்கட்டை கிடக்கிறது. லாரி நின்றதும் கிளீனர் தம்பிகள் முதலில் இறங்கிக் கட்டை போடுவார்களே, அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், காருக்கும் அது வேண்டும் என்று தோன்றியதே இல்லை. ரிவர்ஸ் கியர், கட்டை, திருப்பின சக்கரம், இதில் ஏதாவது ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால் அந்தப் பரிசல்காரர் பரிசலைக் கீழே போட்டிருக்க வேண்டியதில்லை.

மலை இறங்குவதிலும் கவனம் வந்துவிட்டது. தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குக் குறைந்த கியரில் இறங்கச் சொல்வது எதற்கோ, காருக்கும் அதற்குத்தான். இரண்டாவதில் விட்டு எஞ்சின் பிடிப்பில் இறங்கி, தேவைப்படும்போது மட்டும் பிரேக்கை அழுத்தி விட்டுவிட வேண்டும், காலை மேலேயே வைத்துத் தேய்க்கக் கூடாது. கீழே வந்ததும் இரண்டு பின் சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன், தொடுவதில்லை. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக அனல் அடித்தால் அந்தப் பக்கம் லிவரோ கேபிளோ இறுகி, பிரேக்கை முழுசாக விடாமல் நிற்கிறது என்று அர்த்தம். சூடாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், டிஸ்க் வளைந்துபோகும்.

தை மாதம் அதே ஒகேனக்கல்லுக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனோம். இரண்டாவது கியரில் இறங்கினேன், வாடை இல்லை. சரிவில்தான் இடம் கிடைத்தது. ஆறாவது கிளிக்கில் இழுத்து, ரிவர்ஸ் போட்டு, கட்டை வைத்து, பிள்ளைகளை மனைவியோடு அனுப்பிவிட்டு நான் அங்கேயே கால் மணி நேரம் நின்றேன். அப்புறம் உள்ளே உட்கார்ந்து லிவரை மறுபடி இழுத்துப் பார்த்தேன். ஒரு கிளிக்கூட மேலே வரவில்லை.